வான் பிடிக்காமல் திருகோணமலைக்கு

எமது சேமிப்புக் குழுக்களில் பயணப் பேச்சு எழுந்தால் முதலாவது கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வானுக்கு எவ்வளவு கேக்கிறாங்கள்?" எங்கே போவது, எதைப் பார்ப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வாடகையைச் சொன்னதும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். நான் வேலை செய்யும் வவுனியா வடக்கில் ஒரு குழுவில் 2022ஆம் ஆண்டும் அப்படித்தான் நின்றது. அந்த ஆண்டில் வான்காரர்களே எரிபொருள் வரிசையில் நாட்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். பிறகு எரிபொருள் கிடைத்தது. வாடகை மட்டும் எங்கள் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கவில்லை.

வான் என்பது வாடகையோடு முடிகிற விடயமும் அல்ல. சாரதிக்குச் சாப்பாடு, இரவில் அவர் படுக்க இடம் என்று செலவு நீளும். "பொம்பிளையள் தனியப் போறதோ?" என்று யாராவது கேட்பார்கள். உடனே ஒரு தம்பியோ மச்சானோ முன் இருக்கையில் ஏறிவிடுவார். அதன் பிறகு எந்தக் கடையில் நிற்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை முன் இருக்கைதான் தீர்மானிக்கும். பின்னால் இருக்கும் 10 பெண்களும் மலசலகூடத்துக்குப் போக வேண்டுமென்று சொல்லக் கூச்சப்பட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

ஜேர்மனியில் இருக்கும் என் சின்னம்மாவின் மகள் ஒருநாள் தொலைபேசியில் தான் போய்வந்த பயணத்தைப் பற்றிச் சொன்னாள். மோசல் என்ற ஆற்றங்கரையில் மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டங்களாம். அங்குள்ள கிராமங்களில் அந்தந்த இடத்து வைனைச் சுவைத்துப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போவார்களாம். கோப்லென்ஸ் நகரில் ரயில் ஏறி ஆற்றோரமாகப் போய், கொக்கெம் என்ற சிறு பட்டினத்தில் இறங்கி, மிச்சத்தைப் படகிலும் கால்நடையாகவும் பார்ப்பார்களாம். காரில் போனால் ஓட்டுபவர் குடிக்க முடியாதல்லவா? எங்கள் ஊரில் குடிக்கப் போகும் ஆண்களுக்கும் இந்தப் புத்தி இருந்தால் எத்தனையோ வீடுகளில் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கதையைக் குழுவில் சொன்னேன். வைன் எங்களுக்கு வேண்டாம், ஓர் ஊருக்குப் போய் அந்த ஊரின் பொருளை அங்கேயே இருந்து ருசித்துவிட்டு வரலாம் அல்லவா என்று கேட்டேன். ஓர் அக்கா தலையை நிமிர்த்தாமலே, "அப்பிடியெண்டால் மூதூர்த் தயிர்" என்றார். அவருடைய பிறந்த ஊர் மூதூர் கிழக்கில் உள்ள சம்பூர். வவுனியாவுக்கு வந்த பின்னர் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் வான் பிடிச்சுப் போவம் எண்டுதான் சொல்லுறவை" என்றார்.

நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலைப் பட்டினம். கோணேசர், கன்னியா, கிண்ணியா, மூதூர் என்று துறைமுகத்தைச் சுற்றியுள்ள இடங்கள் எல்லாவற்றுக்கும் பஸ்ஸில்தான் போய்ப் பழகினேன். ஆகவே வழி எனக்குத் தெரியும். ஆனால் திட்டத்தைக் குழுவே போடட்டும் என்று ஒரு கொப்பியை வாங்கிக் கொடுத்தேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று எல்லோரும் விழித்தார்கள். பஸ் பயணத்தைத் தொடங்கும் இடம் கடைசி பஸ்தான். திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அதற்கு முந்திய பஸ்ஸில் வருவதென்று தீர்மானிக்க வேண்டும். முந்திய பஸ் வராவிட்டாலும் கடைசி பஸ் கையில் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி மற்ற நேரங்களை எழுதிக்கொண்டு வந்தால், எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும். 6 இடம் பார்க்க ஆசைப்பட்டவர்கள் 3 இடத்தில் நின்றார்கள். அதுவும் நல்லதுதான். வானில் போய் 10 கோயில்களை ஓடி ஓடிக் கும்பிட்டு, எந்தக் கோயில் எங்கே என்று தெரியாமல் வீடு திரும்பியவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நாளைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகைக்காகக் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடைகள் பூட்டிவிடும். போயா விடுமுறையோடு சேர்ந்து வரும் சனி, ஞாயிறில் தங்குமிடங்களும் பஸ்களும் நிரம்பி வழியும். கார்த்திகை, மார்கழியில் மழை, மகாவலியில் வெள்ளம். நாங்கள் வைகாசி மாதத்தில் ஒரு சாதாரண சனி, ஞாயிறை எடுத்தோம். ஆளுக்கு வாரம் 100 ரூபாய் வீதம் 9 மாதம் ஒரு பிஸ்கற் ரின்னில் சேர்ந்த பணம் செலவுக்கு.

பணத்தைவிடக் கடினமாக இருந்தது ஊர் வாய்தான். குழுவில் இருந்த 11 பேரில் 7 பேருக்குக் கணவர் இல்லை. அவர்களில் 3 பேரின் கணவர்மார் காணாமற்போனவர்கள். "தாலி அறுத்ததுக்கு என்ன உல்லாசப் பயணம்?" என்று ஒருத்தியின் காதுபடவே கேட்டிருக்கிறார்கள். கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லுவோம் என்று சிலர் சொன்னார்கள். குழுத் தலைவி ஒப்புக்கொள்ளவில்லை. "கோயிலுக்கும் போறம், தயிர் சாப்பிடவும் போறம் எண்டு சொல்லுவம்" என்றார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் வகுப்பில் பெண்களின் நடமாட்டச் சுதந்திரம் பற்றி நிறையப் படித்தேன். 42 வயதான பெண் ஒருவர் படலையடியில் நின்று மாமியாரிடம் 2 நாளைக்கு அனுமதி கேட்டதைக் கண்ட பிறகுதான் அந்தப் பாடம் எனக்கு முழுதாக விளங்கியது.

வவுனியாவிலிருந்து திருகோணமலைக்கு ஹொறவப்பொத்தானை ஊடாக ஏறத்தாழ 100 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கும் வவுனியா ஊடாக பஸ் இருக்கிறது. கொழும்பிலிருந்து இரவு ரயில் உண்டு. அது மாகோ, கல்ஓயாச் சந்தி ஊடாக விடியற்காலையில் வந்து சேரும். திருகோணமலைக்கு ரயில் பாதை வந்தது 1927ஆம் ஆண்டில். மட்டக்களப்புச் சகோதரிகள் வாகரை, வெருகல் ஊடான கரையோர வீதியால் வந்தால் மூதூர்தான் முதலில் வரும். அவர்கள் நான் சொல்லும் பயணத்தைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளலாம்.

காலை பஸ்ஸில் ஏறியதும் நடத்துனரிடம் கன்னியாச் சந்தியில் இறக்கிவிடும்படி சொல்லிவைத்தோம். பட்டினத்துக்கு 8 கிலோமீற்றர் அளவில் இருக்கும்போதே இறங்கி, பைகளோடு வெந்நீர்க் கிணறுகளுக்கு நடக்கலாம். பட்டினத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் செலவும் நேரமும் மிச்சம். இதற்காகவே ஆளுக்கு ஒரு தோள்பைக்கு மேல் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். மாற்றுச் சேலை, துவாய், மருந்துக் குளிசைகள், மாதவிடாய்த் துணி, தண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டை. வேறு ஒன்றும் தேவையில்லை.

கன்னியாவில் 7 கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. உள்ளே இறங்குவதில்லை, வாளியால் அள்ளி வார்ப்பதுதான் வழக்கம். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் என்று கதை சொல்வார்கள். அதனால் இறந்தவர்களுக்கு இங்கே வந்து கிரியை செய்யும் வழக்கமும் இருந்து வருகிறது. இதைச் சொன்னபோது எங்களில் ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய கணவர் 2009இல் காணாமற்போனவர். "கிரியை செய்தால் செத்துப்போனார் எண்டு நானே சொன்னமாதிரி" என்றாள். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து, "இது வெறும் குளிப்பு" என்று சொல்லி, தலையில் வார்த்துக்கொண்டாள். நாங்கள் அங்கே நினைத்ததைவிட நீண்ட நேரம் நின்றோம். அவசரப்படுத்த யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

இரவுத் தங்கலுக்குப் பட்டினத்தில் ஒரு மடத்தில் சொல்லி வைத்திருந்தோம். தங்குமிடத்துக்குத் தொலைபேசி எடுக்கும்போது வாடகையோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். கதவுக்கு உட்பக்கம் கொண்டி இருக்கிறதா, மலசலகூடம் உள்ளேயா வெளியேயா, வெளியே என்றால் இரவில் வெளிச்சம் இருக்குமா, எத்தனை மணிக்கு வாசலைப் பூட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். முகாம்களில் இரவில் மலசலகூடத்துக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமலே படுத்த பழக்கம் எங்களில் பலருக்கு இன்னும் விடவில்லை.

பஸ் நிலையத்தில் இறங்கினால் கோணேசர் கோயிலுக்கு ஓட்டோ தேவையில்லை. பிரெட்றிக் கோட்டை வாசலுக்கு நடந்துபோகும் தூரம்தான். அங்கிருந்து மேலே ஏற்றம். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, ஆனால் கோயிலுக்குப் போகிறவர்கள் வழமையாகப் போய் வருகிறார்கள். எங்களோடு வந்த ஒருவர் வாசலுக்கு வெகு தூரத்திலேயே அடையாள அட்டையைக் கையில் எடுத்துவிட்டார். மேலே போகும்வரை பிடித்துக்கொண்டே நடந்தார். யாரும் அதைக் கேட்கவில்லை. இறங்கி வரும்போதுதான் பைக்குள் வைத்தார். மதியப் பூசை முடிந்து நடை சாத்திவிடுவதால், வெயில் தாழ மாலைப் பூசைக்குப் போவதே நல்லது.

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் சில வெளிப்பட்டன. 1956இல் சுழியோடிகள் கடலடியில் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இன்றுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு 1963இல் நடந்தது. மலையுச்சியில் இராவணன் வெட்டு என்ற பிளவுக்குப் பக்கத்தில் நின்றால் கீழே கடல் கறுத்துக் கிடக்கும். கோட்டையில் புள்ளிமான்கள் உலாவும். சாப்பாடு சுற்றிய பொலித்தீனைக் கீழே போடாதீர்கள், அவை அதைத் தின்றுவிடுகின்றன.

மறுநாள் காலை இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மூதூர் பஸ்ஸில் ஏறினோம். வழியில் சீனக்குடா. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் பிரித்தானியர் கட்டிய ஏறக்குறைய 100 எண்ணெய்த் தாங்கிகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இந்தத் துறைமுகத்தின் மீதுதான். சண்டை எங்களுக்கு முன்னரும் இங்கே வந்திருக்கிறது.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரில். அதற்கு முன்னர் இந்த இடத்தைக் கடக்கப் 'பாதை'தான். வெளியூர் வாசகிகளுக்குச் சொல்கிறேன், பாதை என்பது இங்கே வீதி அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்தும் மிதவை. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று மூதூருக்குப் போக இப்படிப் பல துறைகள். இல்லாவிட்டால் கந்தளாய், அல்லை வழியாகச் சுற்ற வேண்டும், அல்லது துறைமுகத்தால் லோஞ்சில் போக வேண்டும். சிறுவயதில் அம்மாவோடு அந்த லோஞ்சில் போயிருக்கிறேன். ஆட்களும் ஆடுகளும் சைக்கிள்களும் ஒன்றாக நிற்போம். பாலங்கள் வந்தபின் பஸ்ஸே சுகம்.

நீர்வழி எங்காவது இன்னும் உள்ளதென்றால் ஓர் எச்சரிக்கை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியாவுக்குப் பக்கத்திலுள்ள குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்த காலத்தில் பாவனையில் இருந்த மிதவை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் அதில் உயிரிழந்தார்கள். உயிர்காப்பு அங்கி தராத, அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றும் படகில் ஏறாதீர்கள். "எல்லாரும்தானே போயினம்" என்று சொன்னாலும் ஏறாதீர்கள்.

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி, இங்கேதான் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஈரமும் புல்லும் உள்ள நிலம், அதனால் எருமைகள். எருமைகள் இருப்பதால் தயிர். சம்பூர் அக்காவின் பழைய சிநேகிதி ஒருவர் மூதூரில் தயிர் உறைய வைத்து விற்கிறார். முஸ்லிம் பெண்மணி. நாங்கள் எல்லோரும் அவரை ராத்தா என்றே அழைத்தோம். தயிர் போடும் விதத்தை அவர் எங்களுக்குச் செய்தே காட்டினார். பாலை நன்றாகக் காய்ச்சி, ஆடையை எடுத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மண்சட்டியில் வார்த்து, முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி விட்டு, அசைக்காமல் வைக்க வேண்டும். மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால்தான் தயிர் கட்டியாக நிற்கிறது. "பிளாஸ்ரிக்கில போட்டா தயிர் அழும் புள்ள" என்றார். தண்ணீர் விடும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். மழைக்குப் பின் புல் தழைத்தால் பால் கூடும், கோடை முற்றினால் குறையும். நாங்கள் போன நேரம் நடுத்தரம்.

தாழ்வாரத்தில் பாய் விரித்து, தயிரும் பாணியும் வாழைப்பழமும் வைத்தார். எங்கள் குழுவில் தயிரைப் பிசைந்து சாப்பிடாமல் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. பேச்சு 2006 ஆகஸ்டுக்குப் போனது. யார் தொடங்கினார் என்று தெரியாது. "நாங்க கந்தளாய்க்கு நடந்தம். நீங்க?" என்று ராத்தா கேட்டார். "வாகரைக்கு" என்றார் அக்கா. அந்த வழியில்தான் அவருடைய கணவர் ஷெல் பட்டு இறந்தார். ராத்தாவுக்கு அது தெரியாது. 2 பேரும் ஒரே கிழமையில் ஒரே இடத்தைவிட்டு வெவ்வேறு பக்கமாக ஓடியிருக்கிறார்கள். ராத்தா எழுந்து உள்ளே போய் இன்னொரு சட்டி கொண்டுவந்து அக்காவுக்கு முன்னால் மட்டும் வைத்தார்.

இந்தக் கரையில்தான் 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் பிடிபட்டார். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த வந்தவர், கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டு 19 ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டைவிட்டுப் போக முடியாமல் இருந்தார். இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, "எனக்கும் அவ்வளவு வருஷம் வருது" என்றார்.

சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. அக்காவின் தம்பி குடும்பம் அப்படித் திரும்பியது. எங்கள் திட்டத்தில் சம்பூர் இல்லை. அங்கே போனால் நாங்கள் தீர்மானித்த பஸ்ஸைப் பிடிக்க முடியாது. வான் என்றால் 11 பேரும் போவது, அல்லது ஒருவரும் போகாமல் விடுவது. பஸ்ஸில் அந்தக் கட்டாயம் இல்லை. கொப்பியை விரித்து நேரங்களைப் பார்த்தார்கள். அக்கா ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் போவது, கடைசி பஸ்ஸுக்கு வருவது, முடியாவிட்டால் தம்பி வீட்டில் நிற்பது என்று முடிவானது. அங்கே போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலத்தில் அக்கா தொலைபேசி எடுத்தார். "கிணறு இருக்கு பிள்ளை. தண்ணி குடிச்சனான். நான் நிக்கிறன்." துணைக்குப் போனவர் மட்டும் திரும்பி வந்தார்.

தயிர் வாங்குவதை எப்போதும் கடைசியில் வையுங்கள், அதுவும் அன்று காலை உறைந்த சட்டியாகப் பார்த்து. வாயைக் கடதாசியால் மூடி நூலால் கட்டுவித்து, 2 சட்டிகளுக்கு நடுவே வைக்கோல் வைத்து, பனையோலைப் பையில் நிமிர்த்தி வைத்து மடியில் வைத்திருக்க வேண்டும். பஸ்ஸின் மேல்தட்டில் வைத்தால் முன்னால் இருப்பவரின் தலையில்தான் அபிஷேகம். 14 சட்டிகள் வாங்கினோம். 13 வவுனியாவுக்கு முழுதாக வந்து சேர்ந்தன. உடைந்ததை பஸ்ஸிலேயே பங்கிட்டோம், நடத்துனருக்கும் ஒரு கரண்டி.

வீட்டுக்கு வந்த சேர்ந்த அன்றிரவே ஒவ்வொரு சட்டியும் முடிந்துவிட்டது. 42 வயது அக்காவின் மாமியார் மட்டும் தனக்குப் பாணி போதாதென்று குறைப்பட்டாராம்.

அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசித்தார்கள். பஸ் கட்டணம், மடம், சாப்பாடு, ஓட்டோ, தயிர் எல்லாம் போக ரின்னில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சம்பூர் அக்கா 4 நாள் கழித்து வந்தார். மூதூரில் ஒரு பஸ், திருகோணமலையில் இன்னொரு பஸ், துணைக்கு ஒருவரும் இல்லை. தன் 2 ரிக்கெற்றுகளையும் கொப்பியில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு அடுத்த பக்கத்தில் 'மட்டக்களப்பு' என்று எழுதி, கீழே 'கடைசி பஸ்' என்று போட்டு, நேரத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.